நிழலும் கூலியில் சேர்த்தியே!

(குறிஞ்சிப்பாடியில் கைத்தறி நெசவாளர்களும், நெய்வேலி ஒப்பந்தத் தொழிலாளர்களும், விவசாயிகளும் கலந்துகொண்ட மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தக் கூட்டம் நாலு மணிக்குத் தொடங்கும் என்று நோட்டீஸ் அடித்திருந்தோம். இப்போது மணி ஆறாகிவிட்டது. வழக்கம்போலப் பேச்சாளர் தாமதம் என்று யாரும் எண்ண வேண்டாம். நாலு மணிக்கே எல்லோரும் வந்துவிட்டோம். உட்காரத்தான் நிழல் இல்லை. வெயில் தாழட்டும் என்று கடைத் தாழ்வாரங்களில் ஒண்டி நின்றுவிட்டு, இப்போதுதான் திடலுக்கு வந்திருக்கிறோம். ஆகவே நாம் பேச வேண்டிய விஷயத்தை இன்று வெயிலே தொடங்கி வைத்துவிட்டது.

ஊர் பெருக வேண்டுமானால் மரம் போகத்தான் வேண்டும் என்கிறார் ஒருவர். மரம் இருக்க வேண்டுமானால் தொழிற்சாலையே வேண்டாம் என்கிறார் இன்னொருவர். படித்தவர்கள் இரண்டையும் தராசின் இரண்டு தட்டுகளில் வைத்து, சமநிலை காண வேண்டும் என்று எழுதுகிறார்கள். நல்லது. ஆனால் தராசைப் பிடித்திருப்பவர் யார்? எடைக்கல் யாருடையது? அதை அவர்கள் எழுதுவதில்லை. அதைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

பாவு விரிக்கும் வெளி

இங்கே கைலி நெய்கிற தோழர்கள் பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களைக் கேட்கிறோம்: தெருவில் பாவு தோய்வதற்கு என்னென்ன வேண்டும்? நூல் வேண்டும், கஞ்சி வேண்டும், ஆள் வேண்டும். அவ்வளவுதானா? நீளமான இடம் வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன்னால் பாவை நீட்டிக் கஞ்சி போட்டு ஆற்றி எடுக்க வேண்டும். கடும் வெயில் பட்டால் கஞ்சி முறுகும், நூல் அறும், கூலியும் அறும். அதனால்தான் நெசவாளர்கள் நிழலுள்ள நீண்ட வெளியைத் தேடினார்கள். சேலம், ஈரோடு பக்கத்து நெசவாளர் ஊர்களில் இதற்கென்றே பொது நிலம் ஒதுக்கி, அதற்குப் பாவடி என்று பெயரும் வைத்தார்கள். தறி ஒருவனுடையது, பாவடி ஊருக்கே சொந்தம்.

இதிலிருந்து நமக்குத் தெரிவது என்ன? திறந்தவெளியும் மரநிழலும் வசதியுள்ளவர்கள் மாலையில் உலாவுவதற்கு ஏற்பட்ட அலங்காரம் அல்ல. அவை உழைப்பவனின் கருவிகள். களம் இல்லாமல் நெல் அடிக்க முடியாது. மந்தைவெளி இல்லாமல் மாடு வளர்க்க முடியாது. ஏரி இல்லாமல் கிணறு ஊறாது. புளிய மரத்தடி இல்லாமல் சந்தை கூடாது. நம் பெரியவர்கள் ஊரின் பொருளாதாரத்தை ஒரு பக்கமும் பசுமையை மறு பக்கமும் பிரித்து வைக்கவில்லை. இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

இன்று கணக்குப் பார்க்கிறவர்களும் இங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2019-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வெப்பத்தின் காரணமாக 2030-ல் இந்தியா இழக்கப்போகும் வேலை நேரம் 5.8 சதவீதம் என்று அது மதிப்பிட்டது. முழுநேர வேலைகளாகக் கணக்கிட்டால் இது 3 கோடியே 40 லட்சம் பேருடைய வேலைக்குச் சமம். இந்த நஷ்டம் யார் தலையில் விழும்? குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பவர் தலையில் விழாது. கல் சுமக்கிறவர், தார் ஊற்றுகிறவர், நாற்று நடுகிறவர், தகரக் கொட்டகையில் தறி ஓட்டுகிறவர் தலையில்தான் விழும்.

மரம் இதற்கு என்ன செய்கிறது? ஒன்று, வெயிலைத் தடுக்கிறது. இரண்டு, வேரால் இழுத்த நீரை இலை வழியாக ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கிறது. தாரும் சிமென்டும் இதற்கு நேர்மாறு. பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவெல்லாம் கக்குகின்றன. பகல் ஷிப்டு பார்த்தவன் இரவிலும் உடம்பு ஆற முடியாமல் புரளுகிறான். மறுநாள் அதே உடம்போடு வேலைக்குப் போகிறான். ஆகவே, தோழர்களே, நிழலும் கூலியில் சேர்த்தியே! நிழல் குறைந்தால் கூலி குறைந்ததாகத்தான் பொருள்.

நெய்வேலி மெய்ப்பித்தது

தொழிலும் மரமும் சேர்ந்து வளர முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். அவர்கள் வெளிநாடு போய்ப் பார்க்க வேண்டியதில்லை. பஸ் ஏறி நெய்வேலி நகரியத்துக்குப் போனால் போதும்.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோது கறுப்பாக ஒரு பொருள் வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் அரசுத் துறையில் கம்பெனி அமைந்தது. 1957 மே 20-ந் தேதி நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-ல் மின்சாரம் பிறந்தது. முதல் அனல் மின் நிலையம் சோவியத் யூனியனின் உதவியோடு கட்டப்பட்டது. படிப்படியாக 600 மெகாவாட்டுக்கு வளர்ந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் விளக்கெரிந்ததில், பம்புசெட் ஓடியதில், ஆலைகள் சுழன்றதில் நெய்வேலித் தொழிலாளியின் வியர்வை கலந்திருக்கிறது. இதை நாம் பெருமையோடு சொல்கிறோம்.

அந்தச் சமயத்திலேயே தொழிலாளிகள் குடியிருக்க ஒரு நகரமும் எழுந்தது. நேர் நேரான அகலச் சாலைகள், சாலை ஓரமெல்லாம் மரங்கள், வட்டம் வட்டமாகப் பிரித்த குடியிருப்புகள், வீட்டைச் சுற்றி மாவும் பலாவும் தென்னையும் வைக்க இடம், விளையாட்டு மைதானம், பள்ளி, ஆஸ்பத்திரி. இவையெல்லாம் தொழிலைத் தடுத்தனவா? இல்லை. பூமியைப் பிளந்து கரி எடுக்கும் ஒரு கம்பெனி, வேண்டும் என்று நினைத்தால், தன் தொழிலாளிக்கு நிழலும் கொடுக்க முடியும் என்று நெய்வேலி மெய்ப்பித்துவிட்டது. ஆகவே, முடியுமா என்ற கேள்வி தீர்ந்துபோன கேள்வி. மிச்சமிருப்பது, யாருக்கு என்ற கேள்வி ஒன்றுதான்.

வேலிக்கு வெளியே

நகரியத்தின் நிழல் நகரியத்தோடு நின்றுவிட்டது. இதுதான் நம் குற்றச்சாட்டு.

நெய்வேலிச் சுரங்கத்தில் ஒரு டன் நிலக்கரி எடுப்பதற்கு ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை அப்புறப்படுத்த வேண்டும். அந்த மண்ணுக்கு மேலே முன்பு என்ன இருந்தது? முந்திரித் தோப்பு இருந்தது, பலா மரம் இருந்தது, கம்பும் நெல்லும் விளைந்தன, வீடுகள் இருந்தன. கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீர், சுரங்கத்துக்குள் பீறிட்டு வராதபடி இரவு பகலாக இறைக்கப்படுகிறது. நம் ஊரின் பெயரில் குறிஞ்சி இருக்கிறது. ஆனால் நெய்வேலிப் பக்கம் போனால் நாம் காணும் மலைகள், சுரங்கத்தில் வெட்டிக் கொட்டிய மண்மேடுகள்தாம். அந்த மேடுகளில் மரம் நட்டிருப்பதையும், தோண்டிய குழியை மூடிச் சில இடங்களைப் பசுமையாக்கியிருப்பதையும் நாம் மறுக்கவில்லை. அந்த நிலம் மீண்டும் யார் கைக்குப் போகிறது என்று கேட்கிறோம்.

நிலம் கொடுத்த குடும்பங்கள் மாற்றுக் குடியிருப்புகளுக்குப் போயின. வேலை, நியாயமான நஷ்டஈடு, பட்டா என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. சுரங்கத்தில் நிரந்தரத் தொழிலாளியோடு தோளோடு தோள் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளிகளில் எத்தனையோ பேர் மந்தாரக்குப்பத்திலும் வடலூரிலும் இங்கேயும் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். வேலை ஒன்று, வெயில் ஒன்று. ஆனால் ஷிப்டு முடிந்து ஒருவர் போவது மரநிழல் சாலையில். இன்னொருவர் போவது மரமில்லாத சந்துக்கு.

2011 டிசம்பர் 30-ந் தேதி அதிகாலை அடித்த தானே புயலை நாம் யாரும் மறக்க முடியாது. நகரியத்தில் மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. நம் தோப்புகளில் முந்திரியும் பலாவும் வேரோடு விழுந்தன. நகரியத்தில் மீண்டும் நட்டுப் பராமரிக்க ஒரு நிர்வாகம் இருந்தது. சிறு விவசாயிக்கு யார் இருந்தார்? புதிய கன்று காய்க்கும் வரையில் அடுப்பெரிய வேண்டுமே! அந்த இடைவெளியில்தான் பல தோப்புகள் கைமாறின.

2023 ஜூலை 26-ந் தேதி வளையமாதேவியில் நடந்ததை நாடே பார்த்தது. பரவனாற்றை மாற்றி விடுவதற்கான கால்வாய்க்காக, பச்சைப் பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே எடுக்கப்பட்டது, பணம் கொடுத்தாயிற்று என்றது நிர்வாகம். சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். அறுவடை வரையில் பொறுக்க முடியாதா என்றுதான் ஊர் கேட்டது. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கும்படி சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. பணம் நஷ்டத்தை ஈடு செய்யலாம். ஆனால் நிற்கும் பயிரின் மேல் இயந்திரம் ஏற்றலாம் என்ற எண்ணம் எங்கிருந்து பிறந்தது? வேலிக்கு வெளியே இருக்கும் பசுமைக்குக் கணக்கில் இடம் இல்லை என்பதிலிருந்து பிறந்தது.

உலகம் கண்ட பாடம்

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. 1845-ல் எங்கெல்ஸ், இங்கிலாந்துத் தொழிலாளர் நிலைமை பற்றிய தம் நூலில் மான்செஸ்டர் நகரத்தின் அமைப்பை விவரித்தார். பணக்காரர்கள் நகரத்துக்கு வெளியே காற்றோட்டமான தோட்ட வீடுகளில் இருந்தார்கள். அங்கிருந்து வியாபார மையத்துக்குப் போகும் சாலைகளின் இரு புறமும் கடைகள். கடைகளுக்குப் பின்னால் தொழிலாளர்களின் காற்றில்லாச் சந்துகள். முதலாளி தினமும் அந்த வழியே போவார், வருவார். சந்து மட்டும் அவர் கண்ணில் படாது.

1898-ல் எபனேசர் ஹோவர்டு என்ற ஆங்கிலேயர் தோட்ட நகரம் என்ற யோசனையை வெளியிட்டார். அதன்படி 1903-ல் லெட்ச்வொர்த் என்ற நகரம் தொடங்கப்பட்டது. தொழிற்சாலை, வீடு, தோட்டம், சுற்றிலும் விவசாய நிலம். இந்தப் படத்தைப் பார்த்து உலகமெங்கும் நகரங்கள் கட்டினார்கள். ஆனால் அந்த யோசனையின் உயிர்நிலை வேறொன்றில் இருந்தது. நகரத்தின் நிலம் முழுவதும் பொதுவில் இருக்க வேண்டும். ஊர் வளர வளர நிலத்தின் மதிப்பு உயருகிறதல்லவா, அந்த உயர்வு ஊருக்கே திரும்ப வேண்டும் என்றார் ஹோவர்டு. மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த நிபந்தனையை விட்டுவிட்டார்கள் பலர். விளைவு என்ன? பூங்கா வருகிறது, பக்கத்து மனையின் விலை ஏறுகிறது, வாடகை ஏறுகிறது, பூங்காவுக்கு மண் சுமந்தவன் அந்தத் தெருவில் குடியிருக்க முடியாமல் போகிறான்.

தோப்பு மனையாகிறது

இப்போது நம் ஊருக்கு வருவோம். குறிஞ்சிப்பாடியிலிருந்து வடலூர் வரையில் சாலையோரம் பாருங்கள். வண்ணக் கொடி கட்டிய மனைப் பிரிவுகள், கல் நட்ட தோப்புகள். தோப்பு போனால் நிழல் மட்டுமா போகிறது? கொட்டை பொறுக்கிய பெண்ணின் வேலை போகிறது. கொட்டை உடைத்த பெண்ணின் வேலை போகிறது. இதையும் வளர்ச்சி என்று கணக்கு எழுதுகிறார்கள். வீடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வாடகை வீட்டில் அவதிப்படும் நமக்குத்தான் மனை வேண்டும். ஆனால் மனைக்கும் ஒரு சட்டம் இருக்கிறது.

தமிழ்நாட்டின் 2019-ம் வருஷத்துக் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவில், சாலை போக மிச்ச நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 ஏக்கர் தோப்பு. சாலைக்கு 3 ஏக்கர். மிச்சம் 7 ஏக்கரில் 70 சென்ட் ஊருக்குச் சொந்தம். ஒரு பூங்காவும் பிள்ளைகள் விளையாட இடமும் அதில் அமையும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையில் நிலத்துக்குப் பதிலாகப் பணம் கட்டலாம். அந்தப் பணம் எந்த ஊரில் செலவாகிறது என்று கேட்பது நம் உரிமை. இந்த ஒதுக்கீட்டு விதி செல்லும் என்று 2023-ல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. பூங்காவுக்கு ஒதுக்கிய மனையைத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தது செல்லாது என்று, பெங்களூர் வழக்கு ஒன்றில் 1991-லேயே அது தீர்ப்பளித்திருக்கிறது.

அதற்கெல்லாம் முன்பே, 1959-ல் நம் மாநிலத்தில் பூங்காக்கள், விளையாட்டு மைதானங்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. உள்ளாட்சி தன் எல்லையிலுள்ள இப்படிப்பட்ட இடங்களுக்குப் பட்டியல் தயாரிக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். ஆகவே பேரூராட்சியிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: பட்டியலைக் காட்டுங்கள்!

பக்கத்து வடலூரைப் பாருங்கள். வள்ளலார் 1867-ல் தருமச்சாலை அமைத்தபோது நிலம் கொடுத்தவர்கள் பார்வதிபுரத்து எளிய குடியானவர்கள். தைப்பூசத்தன்று லட்சக்கணக்கானோர் கூடுவது அந்தப் பெருவெளியில்தான். 2024-ல் அங்கே சர்வதேச மையம் கட்ட அடிக்கல் நாட்டியபோது அந்த மக்கள் எதிர்த்தார்கள். மையம் வரட்டும், ஆனால் வெளியை விட்டுவிட்டு வேறிடத்தில் வரட்டும் என்றார்கள். காலியாகக் கிடக்கும் இடம் வீணான இடம் என்று அதிகாரி நினைக்கிறார். காலியாக இருப்பதே அதன் வேலை என்று ஊர் அறிந்திருக்கிறது.

இளைஞரின் கேள்வி

ஒரு வேலையில்லாத இளைஞர் நம்மைக் கேட்கலாம்: ‘எனக்கு வேலை கொடுங்கள், பூங்காவில் உட்கார்ந்து என்ன செய்வது?’ இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கக் கூடாது. வேலையில்லாத ஊரில் பூங்கா, வேலையில்லாதவர் படுத்துறங்கும் இடமாகத்தான் போகும். தொழில் வரட்டும், இன்னும் வரட்டும் என்பதே நம் நிலை. ஆனால் தோழரே, மரம் வளர்ப்பதும் வேலைதான். நாற்றங்கால் வேலை, ஏரி தூர்வாரும் வேலை, கரை காக்கும் வேலை, பூங்கா பராமரிக்கும் வேலை. இதைத் தொண்டு என்று சொல்லி ஒரு நாள் போட்டோவோடு முடிக்காமல், மாதச் சம்பளமுள்ள வேலையாக்கு என்று கேட்போம்.

இன்னொன்று. நிலக்கரி என்றும் இருக்காது. 1962-ல் பிறந்த முதல் அனல் மின் நிலையம் 2020-ல் மூடப்பட்டுவிட்டது. சுரங்கமும் ஒரு நாள் ஓயும். அன்று நம் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது மண்ணும் நீரும் மரமும்தான். அவற்றையும் தின்றுவிட்டு எந்த வளர்ச்சியை எங்கே நட்டு வைக்கப்போகிறோம்?

நம் குறை

மற்றவரைச் சொன்ன நாம் நம்மையும் சொல்லிக்கொள்ள வேண்டும். போனஸுக்கு நாம் போராடினோம். பஞ்சப்படிக்கு, பணி நிரந்தரத்துக்குப் போராடினோம். சரியான போராட்டங்கள், இன்னும் முடியாத போராட்டங்கள். ஆனால் எத்தனை கோரிக்கை மனுக்களில் நிழல் என்ற சொல்லை எழுதினோம்? மரத்தைப் பற்றிப் பேசுவது வசதியுள்ளவர் விஷயம் என்று ஒதுக்கிவிட்டோம். சாலை விஸ்தரிப்புக்காக விக்கிரவாண்டி – தஞ்சாவூர் மார்க்கத்தில் பழைய மரங்கள் சாய்ந்தபோது, லாரி தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சாலை வேண்டும் என்பது உண்மை. வெட்டிய மரத்துக்குப் பதில் மரம் எங்கே என்று கேட்பதும் நம் கடமை. அதைச் செய்யத் தவறினோம். இதை ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை. திருத்திக்கொள்ளாமல் இருந்தால்தான் வெட்கம்.

நம் கோரிக்கைகள்

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் இந்தக் கோரிக்கைகளை வைக்கிறோம்:

1. 1959-ம் வருஷச் சட்டப்படியான பூங்கா, மைதானம், திறந்தவெளிப் பட்டியலை, சர்வே எண்ணும் அளவும் குறித்து, பேரூராட்சி அலுவலக வாசலில் ஒட்ட வேண்டும்.

2. மனைப் பிரிவுகளில் தானமாக வந்த ஒவ்வொரு சென்ட்டுக்கும் எல்லைக்கல்லும் பெயர்ப் பலகையும் வேண்டும். நிலத்துக்குப் பதிலாகக் கட்டிய பணம் அதே ஊரில் திறந்தவெளி வாங்கவே செலவாக வேண்டும்.

3. பொது வேலைக்காக வெட்டும் மரத்துக்குப் பதிலாக நட்ட கன்று, மூன்றாம் வருஷம் உயிரோடு இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகே காண்ட்ராக்டரின் கடைசி பில்லைத் தீர்க்க வேண்டும்.

4. 2013-ம் வருஷக் கம்பெனிச் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். நெய்வேலி நிறுவனம் அந்த நிதியிலிருந்து சுற்றுவட்டார ஊர்களின் ஏரிக்கும் நிழலுக்கும் நிரந்தரப் பங்கு ஒதுக்க வேண்டும். மூடிச் சீர்திருத்திய சுரங்க நிலத்தில் நிலம் இழந்தோருக்கே முதல் உரிமை வேண்டும்.

5. ஒப்பந்தத் தொழிலாளர் நிற்கும் ஒவ்வொரு வேலைத்தலத்திலும், பஸ் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் நிழலும் குடிதண்ணீரும் வேண்டும். கோடையில் உச்சி வேளை வேலையை நிறுத்தி, அந்த நேரத்துக்குக் கூலி பிடிக்காமல் இருக்க வேண்டும். தமிழக அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்திருக்கிறது. செத்த பிறகு நிவாரணம் என்பதோடு நிற்காமல், சாகாமல் இருக்க நிழல் என்பதிலிருந்து தொடங்கட்டும்.

தோழர்களே! இவற்றில் எது தொழிலுக்கு விரோதம்? எது வளர்ச்சியைத் தடுக்கிறது? ஒன்றுமில்லை. தராசு நம் கைக்கும் வரட்டும் என்கிறோம், அவ்வளவே. நெசவாளி, சுரங்கத் தொழிலாளி, முந்திரித் தோப்புப் பெண், நெல் விவசாயி – இந்த நால்வரும் தனித்தனியே மனுக் கொடுத்தால் நாலு மேஜைகளில் நாலு மனுக்கள் தூங்கும். நால்வரும் ஒன்றாகப் போய் நின்றால் பட்டியல் வெளியே வரும்.

வருகிற திங்கட்கிழமை காலை பேரூராட்சி அலுவலகத்துக்குப் போகிறோம். அனைவரும் வாருங்கள். திரும்பி வரும்போது இந்தத் திடலின் ஓரத்தில் புங்கனும் வேம்பும் நடுவோம். நட்ட கன்று நிழல் தர நாலைந்து வருஷம் ஆகும். அதுவரை தண்ணீர் ஊற்றுவது யார் முறை என்று தெருவுக்குத் தெரு இன்றைக்கே பெயர் எழுதிக்கொள்வோம். பிறகு நாம் நாலு மணிக்கு என்று நோட்டீஸ் அடித்தால், நாலு மணிக்கே கூட்டம் தொடங்கும்.